கடன் பாக்கி இருந்தா அமெரிக்க அரசோட செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா? ஃபார்ம்ல இருந்து ஹியரிங் வரைக்கும்

ஆஃபர் லெட்டர் வந்துருக்கும், சம்பளமும் நல்லா இருக்கும், கீழ ஒரே ஒரு வரி மட்டும் இடிக்கும், கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பாக்குறதுக்கான அனுமதி, கிடைச்சாதான் வேலை உறுதின்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் வரும். "அண்ணா, பழைய கிரெடிட் கார்டு ஒண்ணு, நாலு வருஷம் முன்னாடி கட்டாம விட்டது, அதையும் எழுதணுமா? எழுதினா வேலை போயிடுமா?" இந்த வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்போ சிட்டிசன்ஷிப் வாங்கி கான்ட்ராக்டர் வேலைக்குப் போறாங்க, அதனால இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்துடுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்க ஒரே இடத்துல எழுதிடுறேன். நான் வக்கீல் இல்லை, இந்த ப்ராசஸ்ல ரெண்டு தடவை போய் வந்தவன், அவ்வளவுதான். உங்க கேஸ் சிக்கலா இருந்தா கிளியரன்ஸ் கேஸ் மட்டுமே பாக்குற வக்கீல்கள் இருக்காங்க, அவங்களைப் பாருங்க.

முதல்ல ஒண்ணு, நிறைய பேருக்கு தெரியாதது. கிளியரன்ஸை நீங்களா அப்ளை பண்ண முடியாது, ஒரு ஏஜென்சியோ கம்பெனியோ ஸ்பான்சர் பண்ணணும், நீங்க அமெரிக்க சிட்டிசனா இருக்கணும். கிரீன் கார்டு பத்தாது. அதனால "இப்போ கிரீன் கார்டு, ரெண்டு வருஷத்துல சிட்டிசன் ஆயிடுவேன்"னு இருக்கிறவங்களுக்கு இந்தக் கட்டுரை இன்னும் அதிகமா உதவும், ஏன்னா உங்களுக்கு கையில நேரம் இருக்கு.

கடனைப் பார்த்து அவங்க ஏன் பயப்படுறாங்க

இதைப் புரிஞ்சுக்காம மத்ததெல்லாம் புரியாது. 1979ல ரொனால்ட் பெல்டன்னு ஒருத்தர், என்எஸ்ஏன்னு சொல்ற அமெரிக்க உளவு அமைப்புல வேலை பார்த்தவர், திவால் நோட்டீஸ் குடுத்துட்டு வேலையை விட்டார். 1980 ஜனவரில வாஷிங்டன்ல இருந்த சோவியத் எம்பசிக்குப் போய் தனக்குத் தெரிஞ்ச ரகசியத்தை விக்க ஆரம்பிச்சார். 1985ல சிஐஏல இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், டிவோர்ஸ் செலவு, கடன்னு நெருக்கடில இருந்தவர், முதல் தவணையா சோவியத்காரங்ககிட்ட 50,000 டாலர் வாங்கினார். 1994 பிப்ரவரில பிடிபடுற வரைக்கும் வாங்கினது இருபது லட்சம் டாலருக்கு மேல, அவர் காட்டிக் குடுத்த ஆட்கள்ல பல பேர் உயிரே போச்சு. கடன்ல இருக்கிறவங்க எல்லாரும் துரோகி ஆயிடுவாங்கன்னு யாரும் சொல்லலை. ஆனா கழுத்து வரைக்கும் கடன் இருக்கிற ஆளை நெருங்குறது சுலபம்னு அவங்களுக்கு அனுபவத்துல தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, எனக்கென்னவோ அதுதான் நடைமுறைல பெருசுன்னு தோணுது. பில் வந்தா கட்டுறதா ஒத்துக்கிட்டு கட்டாம, கவரைக்கூட பிரிக்காம ட்ராயர்ல போடுற ஆள், ரகசிய டாக்குமென்ட் சம்பந்தமான விதியை மட்டும் ஒழுங்கா கடைப்பிடிப்பாரான்னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான்.

இதுக்கான விதிகள் 2017 ஜூன் 8ல இருந்து நடைமுறைல இருக்கிற சீட்-4 உத்தரவுல இருக்கு. ஏல இருந்து எம் வரைக்கும் 13 கைட்லைன், பணம் சம்பந்தப்பட்டது கைட்லைன் எஃப். அதுல எங்கயுமே "இத்தனை டாலருக்கு மேல கடன்னா கிடையாது"ன்னு ஒரு நம்பர் இல்லை. 80,000 டாலர் கடன் இருந்தவங்களுக்கு கிடைச்சிருக்கு, 9,000 டாலர்ல மாட்டினவங்களும் இருக்காங்க. கடன் எப்படி வந்துச்சு, வந்த பிறகு நீங்க என்ன பண்ணீங்க, அதுக்கு கையில பேப்பர் இருக்கா, கேஸ் இந்த மூணுலதான் நிக்குது. ஒழுங்கா மாசாமாசம் கட்டிட்டு வர்ற வீட்டுக் கடன், கார் லோன் எல்லாம் இங்க பிரச்சனையே இல்லை, பயப்படாதீங்க. பிரச்சனை பாக்கி விழுந்த கடன்தான்.

படி 1: அவங்க பாக்குறதுக்கு முன்னாடி உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்க பாருங்க

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன், மூணுலயும் எடுங்க, ஒண்ணு மட்டும் எடுத்துட்டு நிறுத்தாதீங்க, ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இருக்காது. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம்ல வாரம் ஒரு தடவை இலவசமா எடுக்கலாம். போன்ல இருக்கிற ஆப் காட்டுற ஸ்கோர் இதுக்கு உதவாது. இன்வெஸ்டிகேட்டர் ஸ்கோரைப் பார்த்து முடிவு பண்றதில்லை, ஒவ்வொரு அக்கவுன்ட்டா பாக்குறாங்க, லேட், கலெக்‌ஷன், சார்ஜ் ஆஃப்னு எதுக்கு நேரா இருக்குன்னு. கலெக்‌ஷன்னா பாக்கியை வசூல் பண்ற வேற கம்பெனிகிட்ட ஒப்படைச்சது, சார்ஜ் ஆஃப்னா பேங்க் தன் கணக்குல நஷ்டமா எழுதினது.

என் கதையைச் சொல்றேன். ஹெர்ன்டன்ல இருந்து ஆஷ்பர்னுக்கு வீடு மாறின வருஷம், அதுக்கு கொஞ்சம் முன்னாடி என் பொண்ணுக்கு நடுராத்திரில மூச்சுத் திணறல் வந்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். இன்சூரன்ஸ் குடுத்துடுவாங்கன்னு நம்பிட்டு மறந்துட்டேன். அவங்க ஒரு பகுதியை மறுத்துட்டாங்க, பில் பழைய வீட்டு அட்ரஸுக்குப் போயிருக்கு, ஒரு தடவை இல்லை, நாலு தடவை. பதினாலு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்துப் பாத்தா, பேரே கேள்விப்படாத ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சி, 1,140 டாலர். கை நடுங்கிடுச்சு, ஏன்னா மூணு மாசத்துல நான் ஃபார்ம் நிரப்பணும். உடனே பணத்தைக் கட்டித் தொலைச்சிடலாம்னுதான் முதல்ல தோணுச்சு, நல்லவேளை கட்டலை, ஆஸ்பத்திரி பில்லிங்ல ஐட்டம் வாரியா பில் கேட்டேன், அதை எடுத்துட்டு இன்சூரன்ஸ்கிட்ட போனப்போ அவங்க ஒரு கோடு தப்பா போட்டிருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, கடைசில நான் கட்ட வேண்டியது 640 ஆச்சு. செக்ல கட்டினேன். கட்டினதுக்கப்புறம் ஏஜென்சிகிட்ட அக்கவுன்ட் நம்பர், தேதி, பாக்கி பூஜ்யம், இந்த மூணும் இருக்கிற லெட்டர் கேட்டு வாங்கினேன், அதுக்கே மூணு போன் ஆச்சு. அந்த ஒரு பேப்பர்தான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு.

ரிப்போர்ட்ல தப்பு இருந்தா எழுத்துல டிஸ்ப்யூட் போடுங்க, பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிச்சு பதில் சொல்லணும்னு சட்டம். உங்களுது இல்லாத கடனை கலெக்‌ஷன்காரர் கேட்டா, அவர் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள்ள "இது என் கடன்தான்னு ஆதாரம் காட்டு"ன்னு எழுதிக் கேளுங்க. கைட்லைன்லயே நியாயமான காரணத்தோட மறுக்கிற கடனுக்கு இடம் இருக்கு, ஆனா ஆதாரம் வேணும், "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொன்னா மட்டும் எடுபடாது.

படி 2: ஃபார்ம்ல என்ன கேக்குறாங்கன்னு முன்கூட்டியே படிங்க

ஃபார்ம் பேரு எஸ்எஃப்-86. இப்போ இ-ஆப்னு ஒரு ஆன்லைன் சிஸ்டத்துல நிரப்புறீங்க. பணம் சம்பந்தப்பட்டது செக்‌ஷன் 26. பொதுவா கடைசி 7 வருஷத்தைக் கேக்குறாங்க. திவால் போட்டீங்களா, வருமான வரி ஃபைல் பண்ணாம இல்ல கட்டாம விட்டீங்களா, லோன் டீஃபால்ட் ஆச்சா, பில் ஏதாவது கலெக்‌ஷனுக்குப் போச்சா, கார்டை கட்டாததால மூடினாங்களா, வண்டியைத் தூக்கிட்டுப் போனாங்களா, வாடகை தராம வெளியேத்தினாங்களா, சம்பளத்துல பிடிச்சாங்களா, ஏதாவது கடன்ல 120 நாளுக்கு மேல பாக்கி விழுந்துச்சா, இப்போ விழுந்திருக்கா. கோர்ட் தீர்ப்பு, சொத்து மேல லீன் (கடனுக்காக சொத்து மேல போடுற உரிமைப் பிடிப்பு), குழந்தைக்குத் தர வேண்டிய சப்போர்ட் பணம் பாக்கி, இதெல்லாமும் உண்டு. சூதாட்டத்தால பணப் பிரச்சனை வந்துச்சான்னு கேக்குற இடத்துல மட்டும் 7 வருஷக் கணக்கு இல்லை, எப்பவாவது வந்துச்சான்னுதான் கேள்வி. ஆபீஸ் குடுத்த ட்ராவல் கார்டை தப்பா யூஸ் பண்ணி வார்னிங் வாங்கினீங்களான்னுகூட ஒரு கேள்வி இருக்கு.

இதுல நம்ம ஆளுங்க வழுக்கி விழுற இடம் மூணு.

ஒண்ணு, ஜாமீன் கையெழுத்து. நீங்க தனியா வாங்கின கடன் மட்டும் இல்லை, கோ-சைன் பண்ணினதும் கேரன்ட்டி குடுத்ததும் சேத்துதான் அந்தக் கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அக்கா பையன் ஊர்ல இருந்து எம்எஸ் படிக்க வந்தப்போ 47,000 டாலர் லோனுக்குக் கையெழுத்து போட்டார். நம்ம வீட்டுப் பிள்ளை, எப்படி மாட்டேன்னு சொல்றது. பையன் படிச்சு முடிச்சான், வேலை கிடைக்கலை, மாமாகிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அஞ்சு மாசம் கட்டாமலே இருந்துட்டான். இவருக்கு இன்டரிம், அதாவது விசாரணை முடியறதுக்கு முன்னாடி தர்ற தற்காலிக கிளியரன்ஸ் கிடைக்கலைன்னு ஆபீஸ்ல சொன்னப்போதான் விஷயமே தெரியும். இவர் பேர்ல நேரா ஒரு பைசா கடன் கிடையாது.

ரெண்டு, இந்தியாவுல இருக்கிற கடன். கேள்வில "எந்தக் கடனா இருந்தாலும்"னுதான் இருக்கு, அமெரிக்கக் கடன் மட்டும்னு இல்லை. ஊர்ல பேங்க்ல எடுத்த எஜுகேஷன் லோன், தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோன், பாதில நின்னுபோன ஃப்ளாட் லோன், 120 நாள் தாண்டி பாக்கின்னா எழுதுங்க. இங்க கிரெடிட் ரிப்போர்ட்ல அது வராதேன்னு நினைக்காதீங்க. அதோட அந்த ஃப்ளாட், அங்க இருக்கிற பேங்க் அக்கவுன்ட் எல்லாம் செக்‌ஷன் 20ஏல வெளிநாட்டு சொத்தா தனியா வரணும்.

மூணு, ஆஸ்பத்திரி பில். 500 டாலருக்குக் கீழ இருக்கிற மெடிக்கல் கலெக்‌ஷனை 2023 ஏப்ரல்ல இருந்து மூணு கிரெடிட் கம்பெனியும் ரிப்போர்ட்ல காட்டுறதில்லை, கட்டி முடிச்சதையும் 2022ல இருந்தே காட்டுறதில்லை. ரிப்போர்ட்ல இல்லையேன்னு விட்டுடக்கூடாது, ஏன்னா ஃபார்ம் கேக்குறது "கலெக்‌ஷனுக்குப் போச்சா"ன்னு, "ரிப்போர்ட்ல இருக்கா"ன்னு இல்லை.

படி 3: மறைக்காதீங்க

இதைத் தனியா எழுதுறேன், ஏன்னா நல்ல பசங்க இதுலதான் வாழ்க்கையைக் கெடுத்துக்கிறாங்க. கடனுக்கு மருந்து இருக்கு. பொய்க்கு ரொம்பக் கம்மி. கடனை மறைச்சா விஷயம் கைட்லைன் எஃப்ல இருந்து கைட்லைன் ஈக்குப் போயிடும், அது உங்க நேர்மை பத்தினது. தெரிஞ்சே பொய் எழுதினா ஃபெடரல் குற்றமும்கூட, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் போக சட்டத்துல இடம் இருக்கு. ஃபார்ம்ல கையெழுத்து போடுறப்பவே கிரெடிட் ரிப்போர்ட் எடுக்க அனுமதியும் சேத்துதான் குடுக்குறீங்க, அதனால எப்படியும் பாக்கத்தான் போறாங்க. நீங்க சொல்லி அவங்க பாத்தா அது ஒரு தகவல். சொல்லாம அவங்களா கண்டுபிடிச்சா அது வேற கதை.

மறந்து விட்டுட்டீங்களா? ஞாபகம் வந்த உடனே, அவங்க கேக்குறதுக்கு முன்னாடி, நீங்களே உங்க கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர்கிட்டயோ இன்வெஸ்டிகேட்டர்கிட்டயோ சொல்லித் திருத்துங்க. முன்வந்து சீக்கிரமா திருத்துறதை விதியே சாதகமா பாக்குது. யாராவது "அதெல்லாம் எழுதாதே, கண்டுக்க மாட்டாங்க"ன்னு சொன்னா, அவர் எவ்வளவு சீனியரா இருந்தாலும் கேக்காதீங்க.

எழுதுறப்போ ஒவ்வொரு கடனுக்கும் கமென்ட் போட இடம் இருக்கும். அங்க அழுது புலம்ப வேண்டாம், நாலு வரி போதும். யாருக்கு, எவ்வளவு, எப்போ ஏன் பாக்கி விழுந்துச்சு, இப்போ என்ன நிலைமை. நான் எழுதினது கிட்டத்தட்ட இப்படித்தான்: வீடு மாறினதால பில் கைக்கு வரலை, ரிப்போர்ட்ல பாத்து இந்தத் தேதில தெரிஞ்சுக்கிட்டேன், இந்தத் தேதில கட்டிட்டேன், லெட்டர் இருக்கு. இன்வெஸ்டிகேட்டர் அம்மா நேர்ல வந்தப்போ அதைப் பத்தி ரெண்டே கேள்வி கேட்டாங்க, லெட்டரைப் பாத்தாங்க, அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.

படி 4: கடனைத் தீர்க்க ஆரம்பிங்க, பேப்பரோட

எல்லாக் கடனையும் ஒரே நாள்ல அடைக்கணும்னு அவங்க எதிர்பாக்குறதில்லை. நியாயமான ஒரு திட்டம், அந்தத் திட்டப்படி நிஜமாவே நடந்துக்கிட்டதுக்கு அடையாளம், இதுதான் வேணும். சின்னதுல இருந்து ஒவ்வொண்ணா அடைச்சுட்டு வந்தா அதுவும் செல்லும். ஆனா எப்போ ஆரம்பிச்சீங்கன்னு கண்டிப்பா பாப்பாங்க. மூணு வருஷம் சும்மா இருந்துட்டு, அரசு லெட்டர் கைக்கு வந்த மறுவாரம் பணம் கட்டினா, வேலைக்காகக் கட்டுறாரு, இல்லன்னா கட்டியிருக்க மாட்டாருன்னு எடுத்துக்குவாங்க. மாசம் 75 டாலர்னாலும் பரவாயில்லை, இன்னைக்கே ஆரம்பிச்சு தொடர்ந்து கட்டின ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு இருக்கிற மதிப்பு, கடைசி நேரத்துல கட்டின 5,000 டாலருக்கு இல்லை.

காரணமும் முக்கியம். வேலை போச்சு, உடம்பு சரியில்லாம போச்சு, டிவோர்ஸ், வீட்டுல சாவு, யாரோ உங்க பேர்ல திருட்டுத்தனமா கார்டு எடுத்துட்டாங்க, இப்படி உங்க கையில இல்லாத காரணம்னா கைட்லைன் அதை ஏத்துக்குது. ஆனா கூடவே ஒரு கண்டிஷன், அந்த நிலைமைலயும் பொறுப்பா நடந்துக்கிட்டீங்களான்னு பாப்பாங்க. லேஆஃப் ஆன மாசமே கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி "மூணு மாசம் கட்ட முடியாது, ஏதாவது வழி இருக்கா"ன்னு கேட்டதுக்கு ஒரு மெயில் இருந்தா அது தங்கம். அதனால லேஆஃப் லெட்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, கோர்ட் ஆர்டர் எதையும் தூக்கிப் போடாதீங்க.

இப்போ நிறைய பேர் ஏமாறுற ஒரு விஷயம். "ஏழு வருஷம் ஆனா ரிப்போர்ட்ல இருந்து விழுந்துடும், வர்ஜீனியால எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு அஞ்சு வருஷம், மேரிலாண்ட்ல மூணு வருஷம் தாண்டினா கேஸே போட முடியாது, சும்மா இரு"ன்னு சொல்லுவாங்க. கோர்ட் விஷயத்துல அது சரியா இருக்கலாம். கிளியரன்ஸ்ல செல்லாது. காலாவதி ஆகட்டும்னு காத்திருந்ததை நல்லெண்ண முயற்சியா அவங்க எடுத்துக்கிறதில்லை, சார்ஜ் ஆஃப்னு போட்டாலும் கடன் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை, பேங்க் அவங்க கணக்குல நஷ்டமா எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதே சமயம் சில மாநிலங்கள்ல பழைய கடனுக்கு கொஞ்சம் பணம் கட்டினாலே அந்தக் கால கெடு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அதனால ரொம்பப் பழைய பெரிய கடன்னா வக்கீல்கிட்ட கேட்டுட்டு கை வைங்க.

பேசி குறைச்சு செட்டில் பண்றது தாராளமா செல்லும். 10,000 டாலரை 4,500க்கு முடிச்சாலும் முடிஞ்சதுதான், பணம் போறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிடுங்க. தள்ளுபடி ஆன தொகை 600 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா பொதுவா 1099-சி ஃபார்ம் வரும், அது உங்க வருமானமா வரில காட்ட வேண்டியதா இருக்கலாம். அதைக் கவனிக்காம விட்டா கடன் பிரச்சனை வரிப் பிரச்சனையா மாறி நிக்கும்.

"எங்ககிட்ட குடு, நாங்க கடனைப் பாதியாக்குறோம்"னு விளம்பரம் பண்ற டெட் ரிலீஃப் கம்பெனிகள்கிட்ட ரொம்ப ஜாக்கிரதை. பல பேர் முதல்ல சொல்றதே "யாருக்கும் கட்டாதே, எங்களுக்கு மட்டும் மாசாமாசம் அனுப்பு"ன்னுதான், நல்லா ஓடிட்டு இருந்த கார்டும் அதனால டீஃபால்ட் ஆயிடும். லாப நோக்கமில்லாத கிரெடிட் கவுன்சலிங் போங்க, என்எஃப்சிசிங்கிற கிரெடிட் கவுன்சலிங் கூட்டமைப்புல மெம்பரா இருக்கிற இடமா பாத்து. கவுன்சலிங் போறதை ஃபார்ம்ல கேக்குறாங்க, அதைப் பாத்து பயப்படாதீங்க, அது உங்களுக்கு சாதகம்தான்.

கடன் தலைக்கு மேல போயிடுச்சு, திவால் தவிர வழி இல்லைன்னா, அதுவும் சட்டம் குடுத்த வழிதான், அதுனால மட்டும் கிளியரன்ஸ் மறுக்கப்படும்னு விதி இல்லை. சாப்டர் 13ல மூணுல இருந்து அஞ்சு வருஷம் கோர்ட் திட்டப்படி கட்டுவீங்க, ஒழுங்கா கட்டின ரெக்கார்டு நல்லா பேசும். சாப்டர் 7ல கடன் அழிஞ்சுடும், ஆனா ஏன் அந்த நிலைமை வந்துச்சு, திரும்ப வராதுன்னு என்ன நிச்சயம்னு கேப்பாங்க. ஃபெடரல் ஸ்டூடன்ட் லோன் 270 நாள் கட்டலைன்னா டீஃபால்ட், அரசுக்கே தர வேண்டிய பாக்கி வேற, அதை முதல் வரிசைல வைங்க. 10 மாசத்துல 9 தவணை கட்டி டீஃபால்ட்ல இருந்து வெளில வர்ற ரீஹாபிலிடேஷன் வழி இருக்கு.

கைமாத்து பத்தியும் சொல்லிடணும். நண்பர்கிட்ட 8,000 டாலர் வாங்கி கார்டை அடைச்சேன், திருப்பிக் குடுத்துட்டு இருக்கேன்னு சொன்னா, எங்க பேப்பர்னு கேப்பாங்க. ஒரு மெயில்லயாவது எழுதிக்கோங்க, ரொக்கமா இல்லாம பேங்க் வழியா குடுங்க. அப்புறம், இங்க மூணு கார்டு பாக்கில நிக்குறப்போ ஊர்ல வீட்டுக்கு மாடி கட்ட மாசம் 1,500 டாலர் அனுப்பிட்டு இருந்தா அது பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியும். அப்பா அம்மா மருந்துக்கு அனுப்புறதை மனுஷங்களா புரிஞ்சுக்குவாங்க, மாடிக்கு பதில் சொல்றது கஷ்டம்.

படி 5: வரி

மத்த கடனைவிட இதை ரொம்பக் கடுமையாப் பாக்குறாங்க. வரி கட்ட காசு இல்லைன்னா ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித் துறை, தவணை போட்டுத் தரும், அந்தத் தவணையை ஒழுங்கா கட்டிட்டு வந்தா கைட்லைன்லயே அதுக்கு தனியா ஒரு நிவாரணம் இருக்கு. ஃபைல் பண்ணாம இருந்ததுக்குத்தான் மன்னிப்பு கஷ்டம், ரீஃபண்ட் வர வேண்டிய வருஷமா இருந்தாலும் சரி. விட்டுப்போன வருஷம் எல்லாத்தையும் ஃபைல் பண்ணுங்க, ஐஆர்எஸ் சைட்ல டிரான்ஸ்கிரிப்ட் எடுத்து ஃபைல்ல வைங்க, மாநில வரியையும் மறக்காதீங்க.

நமக்குன்னே இருக்கிற பள்ளம் என்ஆர்இ டெபாசிட், அதாவது வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்தை இந்திய பேங்க்ல போடுறது. அந்த வட்டிக்கு இந்தியாவுல வரி கிடையாது, அதனால இங்கயும் கிடையாதுன்னு பல பேர் வருஷக்கணக்கா காட்டாம இருக்காங்க. இங்க வரி உண்டு. அதோட வெளிநாட்டு அக்கவுன்ட் எல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டினா எஃப்பார்னு ஒரு வெளிநாட்டு அக்கவுன்ட் ரிப்போர்ட் ஃபைல் பண்ணணும், அப்பாகூட ஜாயின்ட்டா வச்சிருக்கிற அக்கவுன்ட்டும் இதுல சேரும். தெரியாம விட்டவங்களுக்கு ஐஆர்எஸ்ல ஸ்ட்ரீம்லைன்டுனு ஒரு வழி இருக்கு, 3 வருஷ ரிட்டர்ன், 6 வருஷ எஃப்பார். இதை சிபிஏ (லைசென்ஸ் வாங்கின ஆடிட்டர்) இல்லாம நீங்களா பண்ணாதீங்க, ஃபார்ம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி முடிங்க.

படி 6: எஸ்ஓஆர் வந்துடுச்சுன்னா

இன்வெஸ்டிகேஷன் பண்றது டிசிஎஸ்ஏ, பாதுகாப்புத் துறைல பின்னணி விசாரிக்கிற ஏஜென்சி. அவங்களுக்கு சந்தேகம் தீரலைன்னா ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ், சுருக்கமா எஸ்ஓஆர்னு ஒரு கடிதம் வரும். ஒவ்வொரு கடனும் நம்பர் போட்டு இருக்கும். பாத்ததும் வயித்தைக் கலக்கும், ஆனா அது முடிவு இல்லை, உங்க பதிலைக் கேக்குறாங்க. டிஃபென்ஸ் கான்ட்ராக்டர்னா பொதுவா 20 நாள் டைம், தேதியைத் தவற விடாதீங்க, டைம் பத்தலைன்னா எழுத்துல நீட்டிப்பு கேளுங்க. ஒவ்வொரு நம்பருக்கும் ஒத்துக்கிறேன் இல்ல மறுக்கிறேன்னு எழுதணும், சத்தியப் பிரமாணத்தோட. எழுத்து மூலமாவே முடிவு பண்ணுங்கன்னு கேக்கலாம், இல்ல ஹியரிங் கேக்கலாம்.

என் அபிப்பிராயம், ஹியரிங் கேளுங்க. டோஹான்னு சொல்ற, பாதுகாப்புத் துறைல ஹியரிங்கும் அப்பீலும் பாக்குற அலுவலகத்தோட நீதிபதி முன்னாடி உக்காந்து, உங்க மனைவியோ மேனேஜரோ சாட்சி சொல்லி, ஃபைலைத் திறந்து காட்டுறப்போ நீங்க ஒரு ஆளா தெரிவீங்க, பேப்பர்ல வெறும் கடன் பட்டியலாத்தான் தெரிவீங்க. இங்க ஒரு கசப்பான விஷயம் தெரிஞ்சிருக்கணும். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லைன்னு 1988ல ஈகன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. சந்தேகம்னு வந்தா நாட்டுக்கு சாதகமாத்தான் தீரும், நிரூபிக்கிற பாரம் உங்க மேல.

ஃபைலை இப்படி அடுக்குங்க: எஸ்ஓஆர்ல இருக்கிற நம்பர் வரிசைலயே ஒரு டேப், அதுக்குள்ள அந்தக் கடன் வந்த கதை அரைப் பக்கம், கட்டின ரசீது, பாக்கி பூஜ்யம் லெட்டர் இல்ல தவணை ஒப்பந்தம். கடைசில ஒரு மாச பட்ஜெட், வரவு எவ்வளவு, வாடகை, மளிகை, பள்ளி, கடன் தவணை, மிச்சம் எவ்வளவுன்னு. மிச்சம் மைனஸ்ல வந்தா அதை ஹியரிங்குக்கு முன்னாடியே சரி பண்ணுங்க. டோஹா தீர்ப்புகளை பேரை எடுத்துட்டு அவங்க சைட்லயே போடுறாங்க, உங்க மாதிரி கேஸ் பத்து படிச்சுட்டுப் போங்க, வேற எந்த அறிவுரையையும்விட அது பிரயோஜனம்.

தோத்தா 15 நாளுக்குள்ள அப்பீல் நோட்டீஸ் குடுக்கலாம், ஆனா அப்பீல்ல புது ஆதாரம் எடுத்துக்க மாட்டாங்க, அதனால கையில இருக்கிற எல்லாத்தையும் ஹியரிங்லயே வச்சிடணும். அதுவும் இல்லைன்னா ஒரு வருஷம் கழிச்சு திரும்ப ஸ்பான்சர் கிடைச்சா முயற்சி பண்ணலாம், அந்த ஒரு வருஷத்துல கட்டின பன்னெண்டு ரசீதும் அப்போ பேசும்.

படி 7: கிடைச்ச பிறகும்

முன்ன மாதிரி அஞ்சு வருஷம், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பாக்குற காலம் போயிடுச்சு. இப்போ கன்டினியூவஸ் வெட்டிங், உங்க கிரெடிட் உட்பட தகவல்கள் தானா அவங்களுக்கு வந்துட்டே இருக்கும். திவால் போட்டாலோ, எந்தக் கடனாவது 120 நாள் தாண்டி பாக்கி விழுந்தாலோ நீங்களே ரிப்போர்ட் பண்ணணும்னு சீட்-3 உத்தரவு சொல்லுது. டாப் சீக்ரெட் இருக்கிறவங்க 10,000 டாலரோ அதுக்கு மேலயோ வழக்கத்துக்கு மாறா பணம் வந்தாலும் சொல்லணும், ஊர்ல பாட்டி நிலம் வித்து உங்க பங்கு வந்தாலும் சரி. விற்பனைப் பத்திரத்தோட நகலை அப்பவே வாங்கி வச்சிக்கோங்க.

அந்த அக்கா பையன் லோன் கதை என்ன ஆச்சுன்னு சொல்லலையே. அவர் மறுநாளே செக்யூரிட்டி ஆபீசர்கிட்ட போய் சொன்னார், பாக்கி அஞ்சு தவணையையும் தன் காசுல கட்டினார், லோன் கம்பெனில ஹார்ட்ஷிப் ப்ளான் போட்டு மாசத் தவணையைக் குறைச்சார், பையன் வேலைக்குப் போற வரைக்கும் தவணை தன் அக்கவுன்ட்ல இருந்தே ஆட்டோ பே ஆகுற மாதிரி மாத்தினார். இன்டரிம் கடைசி வரைக்கும் கிடைக்கலை, ஃபைனல் கிளியரன்ஸ் பதினோரு மாசம் கழிச்சு வந்துச்சு, கம்பெனி அதுவரைக்கும் வேற ப்ராஜெக்ட்ல வச்சிருந்தது அவர் அதிர்ஷ்டம். இப்போ பையன்தான் கட்டுறான், ஆனா லோன் அக்கவுன்ட்டோட லாகின் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, ஒவ்வொரு மாசமும் 3ஆம் தேதி மாமாவுக்கு அலர்ட் வந்துடுது.